கார் பாகத்துக்கு வாரண்டி இல்லை என்கிறார்களா? ஜாப் கார்டு முதல் நுகர்வோர் ஆணையம் வரை முழுமையான வழிகாட்டி

"வெளில கேஸ் அடிச்சிருக்கீங்க சார். இதுக்கு வாரண்டி வராது."

என் காரின் ஏசி கம்ப்ரஸரை அதே சர்வீஸ் சென்டரில் பணம் கட்டி மாற்றி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மாற்றிய பாகத்துக்கு ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர் வாரண்டி என்று பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. நான் வெளியே எங்கும் கேஸ் நிரப்பவில்லை. முக்கால் மணி நேரம் கவுண்டரில் நின்று வாதாடினேன். வீடு திரும்பும்போது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்கள், சொந்தக்காரர்கள் என்று பலருக்கு இதே சிக்கலில் துணைக்குப் போயிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். மறுப்பை எழுத்தில் வாங்க மாட்டார்கள், பழுதான பாகத்தையும் கையை விட்டுப் போக விட்டுவிடுவார்கள். இந்த இரண்டும் போய்விட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல வக்கீல் வந்தாலும் கஷ்டம்தான். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இந்தியாவில் சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எந்த வாரண்டி என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

"வாரண்டி இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யார் கொடுத்த வாரண்டி, எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் கேட்பது என்பது முடிவாகும்.

புது வண்டியோடு வருவது கார் நிறுவனத்தின் வாரண்டி. பிறகு காசு கொடுத்து மாற்றிய பாகத்துக்கு வருவது தனி வாரண்டி, அது அந்தப் பில்லின் தேதியிலிருந்து தொடங்கும். வண்டியின் வாரண்டியிலேயே இலவசமாக மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் புதிதாகக் காலம் தொடங்காது. வண்டிக்கு மிச்சம் இருக்கும் காலம்தான் அதற்கும்.

டயர், பேட்டரி இரண்டுக்கும் பொதுவாக அவற்றைச் செய்த நிறுவனமே வாரண்டி தரும். கார் டீலரிடம் சண்டை போட்டு ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால் அந்தச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சில சமயம் பின்னால் இருப்பது ஒரு காப்பீட்டு நிறுவனம்.

பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு போன்ற தேய்மானப் பொருட்களைப் பெரும்பாலான வாரண்டிகள் விலக்கி வைத்திருக்கும். தயாரிப்புக் குறை என்று காட்ட முடிந்தால் ஒழிய இதற்காக மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

2. வண்டியை எடுத்துப் போகும் முன்பே சேர்க்க வேண்டியவை

வாரண்டி புத்தகம், பாகம் மாற்றிய பில், இதுவரையிலான எல்லா சர்வீஸ் பில்களும் ஜாப் கார்டுகளும் (வண்டியை விடும்போது உங்கள் புகாரைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் தாள்), ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல். பில் தொலைந்திருந்தால் புகாரைப் பற்றி வாயைத் திறக்கும் முன் சர்வீஸ் சென்டரில் நகல் கேளுங்கள். சிஸ்டத்தில் இருக்கும், சாதாரண நாளில் சிரித்த முகத்தோடு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள்.

வண்டியை உள்ளே விடும் முன் போனில் படம் எடுங்கள். ஓடோமீட்டர், பழுது தெரியும் விதம், அந்தப் பாகத்தைச் சுற்றிய இடம், அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், பார்ட் நம்பர். என்னைக் காப்பாற்றியது இப்படி எடுத்த ஒரு படம்தான். கேஸ் நிரப்பும் வால்வின் மூடிமேல், கம்ப்ரஸரை மாற்றிய அன்று அவர்களுடைய மெக்கானிக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருந்தார். மூடியில் பாதி, குழாயில் பாதி. மூடியை ஒருமுறை திருகியிருந்தாலும் கோடு விலகியிருக்கும். நான்கு மாதத் தூசியோடு அது அப்படியே நேராக இருந்தது.

3. ஜாப் கார்டில் உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் ஏற வேண்டும்

நீங்கள் "கம்ப்ரஸர் மாத்தி நாலு மாசத்துல கூலிங் சுத்தமா நின்னுடுச்சு" என்று சொல்வீர்கள். சர்வீஸ் அட்வைசர் "ஏசி செக்" என்று தட்டுவார். இரண்டும் ஒன்றல்ல. முன்னது வாரண்டிக் காலத்துக்குள் சொன்ன குறிப்பிட்ட புகார். பின்னது வழக்கமான பராமரிப்பு வேலை.

கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். இல்லாததைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "(தேதி) அன்று, பில் எண் இன்னதில் மாற்றிய கம்ப்ரஸர் வாரண்டிக் காலத்தில் பழுது." கிலோமீட்டர் சரியாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் சேர்க்க மறுத்தால் உங்கள் கையெழுத்துக்கு மேலே நீங்களே பேனாவில் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இது உயிர்நாடி. சத்தம் லேசாகத்தானே வருகிறது, அடுத்த சர்வீஸில் பார்ப்போம் என்று விடுகிறவர்களே அதிகம். புகாரைச் சொன்ன நாள் வாரண்டிக்குள் இருந்தது என்று ஒரு ஜாப் கார்டு காட்டினால், பாகம் பிறகு முழுதாகக் கெட்டுப்போனாலும் "காலம் முடிஞ்சிருச்சு" என்ற பதிலை எதிர்த்து நிற்கலாம்.

4. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். வாரண்டி வேலை செய்தால் டீலர் அந்தச் செலவைக் கார் நிறுவனத்திடம் கிளெய்ம் போட்டு வாங்க வேண்டும். நிறுவனம் ஏற்கவில்லை என்றால் செலவு டீலர் தலையில் விழும். அதனால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், நிறுவனத்தைக் கேட்காமலேயே கவுண்டரில் "வராது" என்று சொல்லிவிடுவது உண்டு.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "கிளெய்ம் போட்டீங்களா? கம்பெனி மறுத்துச்சா, இல்ல நீங்களே மறுக்கறீங்களா?" குரலை உயர்த்தாமல் கேளுங்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியிலேயே பேச்சின் போக்கு மாறியிருக்கிறது. ஏனென்றால் பெரும்பாலும் கிளெய்ம் போட்டிருக்கவே மாட்டார்கள்.

எழுதித் தரச் சொன்னால் "அப்படியெல்லாம் தர மாட்டோம்" என்பார்கள். பரவாயில்லை. அன்றே, அங்கே நின்றபடியே, சர்வீஸ் மேனேஜரின் மெயிலுக்கு நீங்கள் எழுதுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதையே போடுங்கள். நான் கொடுக்கும் மாதிரி இது:

"இன்று என் காரை (பதிவு எண்), ஜாப் கார்டு எண் ___ படி, ஏசி குளிர்ச்சி இல்லை என்ற புகாருடன் கொடுத்தேன். கம்ப்ரஸர் பழுது என்றும், வெளியே கேஸ் நிரப்பியதால் வாரண்டி கிடையாது என்றும் உங்கள் சர்வீஸ் அட்வைசர் காலை 11.30 மணிக்குச் சொன்னார். நான் வெளியே எங்கும் கேஸ் நிரப்பவில்லை. எந்தச் சோதனையை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள், வாரண்டியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். கிளெய்ம் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதா என்றும் சொல்லுங்கள். அதுவரை பழுதான பாகத்தைப் பிரிக்கவோ அப்புறப்படுத்தவோ வேண்டாம்."

அவர்கள் பதில் போட்டால் காரணம் எழுத்தில் வந்துவிட்டது, இனி மாற்றிப் பேச முடியாது. பதில் போடாவிட்டால், நீங்கள் அன்றே எழுதியதை அவர்கள் மறுக்கவில்லை என்பது பதிவாகிவிட்டது. இந்த மெயிலில் திட்டாதீர்கள், "கோர்ட்டுக்குப் போவேன்" என்றும் எழுதாதீர்கள். பின்னாளில் இதை ஆணையத்தில் படிக்கப்போகிறவருக்கு உங்கள் கோபத்தால் ஒரு பயனும் இல்லை, தேதியும் விவரமும்தான் தேவை.

5. பழைய பாகத்தைக் கையை விட்டுப் போக விடாதீர்கள்

திண்டுக்கல்லில் ஒரு நண்பருக்கு ஸ்டியரிங் ரேக் பழுது. அவசரத்துக்குப் பணம் கட்டி மாற்றிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் பழைய ரேக்கைக் கேட்டபோது அது பழைய இரும்போடு போயிருந்தது. "வெளி அடி பட்டது" என்று டீலர் சொன்னதைப் பொய் என்று காட்ட அவரிடம் எதுவுமே மிச்சமில்லை.

நீங்கள் பணம் கொடுத்து மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றினால்தான் அது நிறுவனத்துக்குத் திரும்பப் போகும். வாங்கியதும் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள். எண்ணெய்க் கசிவும் தூசியும் விரிசலும்தான் சாட்சி. பையில் கட்டி, தேதி எழுதி, கட்டும்போது படம் எடுத்து வையுங்கள்.

பெரிய தொகை என்றால் இந்தக் கட்டத்திலேயே உரிமம் பெற்ற வாகன சர்வேயர் ஒருவரிடமோ ஆட்டோமொபைல் பொறியாளரிடமோ காட்டி ஓர் அறிக்கை வாங்கிவிடுங்கள். தெரிந்த மெக்கானிக் வாயால் சொல்வது ஆணையத்தில் எடுபடாது.

6. அவர்கள் சொல்லும் காரணம் இந்தப் பழுதோடு ஒட்டுகிறதா?

"வெளியே சர்வீஸ் விட்டீங்க." எங்கே ஆயில் மாற்றினோம் என்பதற்கும் பவர் விண்டோ மோட்டார் கெட்டதற்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் (வியாபாரப் போட்டியில் நடக்கும் முறைகேடுகளை விசாரிக்கும் அமைப்பு) 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவு இந்த வாதத்தைத்தான் சொன்னது: வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனை கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது. அதனால் அதையே பிரம்மாஸ்திரமாக நினைத்துவிடாமல், அதில் உள்ள வாதத்தை உங்கள் கடிதத்தில் பயன்படுத்துங்கள்.

"வெளி ஃபிட்டிங் போட்டிருக்கீங்க." ஹார்ன், லைட், மியூசிக் சிஸ்டத்துக்காக ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் மின்சாரம் சம்பந்தப்பட்ட பழுதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் எந்த ஒயர், அது எப்படி இந்தப் பாகத்தைக் கெடுத்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஷாக் அப்சார்பர் ஒழுகுவதற்கு ஹார்ன் காரணமாக முடியாது.

"டீசல் கலப்படம்." இன்ஜெக்டர் பழுதில் இதைத்தான் முதலில் சொல்வார்கள். மாதிரி எடுத்தார்களா, எந்த ஆய்வகத்தில் சோதித்தார்கள், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பாட்டிலில் பிடித்துக் காட்டுவது சோதனை ஆகாது. டேங்கைக் கழுவிவிடும் முன்பே கேட்க வேண்டும். பங்க் பில்களோ கார்டில் கட்டிய விவரமோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

"சர்வீஸ் தவறிட்டீங்க." சில நாள், சில நூறு கிலோமீட்டர் தாண்டியது வேறு, ஒரு வருடம் ஆயிலே மாற்றாதது வேறு. இரண்டாவது வகை என்றால், இன்ஜின் பழுதுக்கு வாரண்டி கேட்பது சிரமம் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளுங்கள்.

"தண்ணி புகுந்திருக்கு." மழை வெள்ளத்தில் வண்டி நின்றது உண்மை என்றால் இது வாரண்டி விஷயமே இல்லை, இன்சூரன்ஸ் விஷயம். அதற்கும் இதற்கும் அலைந்து இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்ல வேண்டிய நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

7. வண்டி உடனே வேண்டும், பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

கட்டலாம். கட்டுவதால் உரிமை போய்விடாது. ஆனால் பில்லின் நகலிலும் மெயிலிலும் இந்த வரியை எழுதுங்கள்: "வாரண்டி மறுக்கப்பட்டதால், என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் இந்தத் தொகையைச் செலுத்துகிறேன்." பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கும்போது "சம்மதித்துத்தானே கட்டினார்" என்ற பேச்சு எழாது.

வண்டியை எடுக்கும்போது நீட்டும் காகிதங்களில் "திருப்தியாக உள்ளது" என்ற சீட்டும் இருக்கும். அவசரத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடும் இடம் இது. "வாரண்டி மறுப்பு குறித்த ஆட்சேபத்துக்கு உட்பட்டு" என்று எழுதிப் போடுங்கள்.

கோபத்தில் வண்டியை மாதக்கணக்கில் அங்கேயே விட்டுவிடவும் கூடாது. நிறுத்திவைத்த வாடகை கேட்பார்கள், பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும். ஒரு பாகத்துக்கான தகராறு நான்கு தகராறாகிவிடும்.

8. மேலே எழுதுவது: நிறுவனம், 1915, நோட்டீஸ்

டீலருக்கு எழுதி ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, எல்லா இணைப்புகளோடும், ஒரே மெயிலாக அனுப்புங்கள். புகார் எண் வாங்குங்கள். "உங்கள் ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். அவர் வரும் நாளில் நீங்களும் அங்கே இருங்கள். எனக்கு அந்த மஞ்சள் கோட்டைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது அப்படித்தான். அவர் குனிந்து பார்த்தார், அட்வைசரைத் திரும்பிப் பார்த்தார், கிளெய்ம் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அதனால் அங்கே "முடிக்கப்பட்டது" என்று வந்தால் உங்கள் வழக்கு தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தப் புகார் எண்ணும் நிறுவனத்தின் பதிலும் உங்கள் கோப்பில் இன்னொரு ஆவணம்.

கடைசியாக நோட்டீஸ். வக்கீல் இல்லாமல் நீங்களே எழுதலாம். டீலர், நிறுவனம் இருவருக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான பதிவையும் எடுத்து வையுங்கள். நடந்தவை தேதி வரிசையில், என்ன வேண்டும், 15 நாள் அவகாசம், அவ்வளவு போதும்.

9. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலர் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம்.

கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். 50 லட்சத்தைத் தாண்டினால் மாநில ஆணையம். காசு கொடுத்து மாற்றிய பாகம் என்றால் அந்தப் பில் தொகையையும், புது வண்டியின் வாரண்டி என்றால் வண்டி விலையையும் கணக்கில் வையுங்கள்.

டீலர், நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் வந்திருப்பவர் வராதவர்மேல் பழியைப் போடுவார். டீலரும் நிறுவனமும் தனித்தனி வியாபாரிகள், டீலர் செய்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது நிறுவனங்கள் வழக்கமாக எடுக்கும் வாதம். 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸ் வழக்கு ஒன்றில் அதை ஏற்றும் இருக்கிறது. எனவே டீலர் என்ன செய்தார், நிறுவனம் என்ன செய்தது என்று தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய மெயில் இங்கேதான் கைகொடுக்கும். விஷயம் தெரிந்தும் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று அது காட்டும்.

கேட்பதை அளவோடு கேளுங்கள். பாகம் அல்லது அதன் விலை, லேபர், வண்டியை இழுத்துவந்த செலவு, அந்த நாட்களில் டாக்ஸிக்குக் கொடுத்தது, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. "புது வண்டி வேண்டும்" என்று எழுதி வருகிறவர்களை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். பாகத்தை மாற்றிச் சரிசெய்ய முடிகிற இடத்தில் முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி தொடர்பான வழக்கில் சொல்லிவிட்டது.

இரண்டு ஆண்டுக் கெடுவை மறக்காதீர்கள். மறுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு தள்ளிப்போகும் என்று என் உறவினர் ஒருவர் நம்பிக்கொண்டிருந்தார். தள்ளிப்போகாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி மனு போடலாம், ஆனால் ஏற்பது ஆணையத்தின் விருப்பம்.

எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள்தான் தரலாம். அந்த 45 நாளைத் தாண்டி ஏற்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதியாகச் சொன்னது. ஆணையத்தின் நோட்டீஸ் எதிர்தரப்புக்குக் கிடைத்த தேதியைக் குறித்து வைத்து, தாண்டினால் எழுந்து சொல்லுங்கள்.

குறையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. அதை நீங்களே மனுப்போட்டுக் கேளுங்கள், கட்டணமும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். ஐந்தாம் படியில் பையில் கட்டி வைத்தீர்களே, அது இதற்குத்தான். சோதனை இல்லாத வழக்கு மூன்று மாதத்திலும் சோதனை உள்ளது ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நீளும், மனதளவில் அதற்குத் தயாராக இருங்கள்.

வாட்ஸ்அப், மெயில், போன் படங்களை இணைக்கும்போது மின்னணு ஆவணங்களுக்கான சான்றிதழையும் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் இது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

10. உத்தரவு வந்த பின்னும், பாகம் கிடைத்த அன்றும்

தோற்றவர் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். டீலரோ நிறுவனமோ மேல்முறையீடு செய்தால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்குச் சிறைத் தண்டனையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ விதிக்க 72-ஆவது பிரிவில் இடமிருக்கிறது.

வழக்கு வரை போகாமல் இடையிலேயே பாகம் கிடைத்தாலும் இதைச் செய்யுங்கள்: "ஃப்ரீயா மாத்திட்டோம் சார், பில் எதுக்கு?" என்பார்கள். தொகை பூஜ்யமாக இருந்தாலும் பில் கேளுங்கள். பழைய பாகத்தின் எண், புதுப் பாகத்தின் எண், தேதி, கிலோமீட்டர், வாரண்டியில் மாற்றப்பட்டது என்ற வாசகம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பிறகு பானெட்டைத் திறந்து, புதுப் பாகத்தின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டியை எடுங்கள்.